வற்றாத பேட்டரி

“எப்படியாச்சும் உசுரக் காப்பாத்திக் குடுத்துருங்க தம்பி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சாகோணும்” என்றார் பாலகோபால். அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது.

கிருபாசங்கர் குனிந்து, விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். “உசுரு இருக்குதுங்க. காலுதான் பச்ச புடிச்சுக் கெடக்குதுங்க.”

அவன் தொட்டது ஒரு வீடியோ கேம் மெஷினின் மெமரி சிப்பை. ஈரக்காற்றில் அதன் கால்கள் பச்சை பூத்து, பாதி அரித்துப் போயிருந்தன.

போன வருஷம் பிள்ளைகள் நல்வழிச் சங்கத்தார் ஊர்வலமாகப் போய், ஆர்.எஸ்.புரத்தில் இருந்த அழகிரிசாமியின் கேம் கடையிலிருந்து இந்தச் சண்டை மெஷினைத் தூக்கி வந்தார்கள். பிள்ளைகளின் கண்ணில்கூட அது படக் கூடாது என்று சங்கத் தலைவர் பாலகோபால் தம் வீட்டு மாடி அறையிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

“அன்னைக்குப் பூட்டுனதுங்க. சாவி எம்பட இடுப்ப உட்டு எறங்குனதில்ல. மகாசபைல ஓட்டிக் காட்டலாம்னு இப்பத் தொறந்தா, திரை பூராப் புள்ளி புள்ளியா நிக்குது” என்றார் அவர். “பெத்தவங்க கண்ணால பாத்தாத்தான தம்பி, கடைய மூடோணும்னு கை தூக்குவாங்க?”

கிருபாசங்கர் சிப்பிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். பகலெல்லாம் அவன் அந்தக் கடையில்தான் போர்டுகளைப் பழுது பார்க்கிறான். மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. கடை போனால் அவன் வேலையும் போகும்.

காலையில் விஷயத்தைச் சொன்னபோது அழகிரிசாமி சிரித்துவிட்டார். “எம்பட கழுத்துக்குக் கயிறு திரிக்க எம்பட ஆளேதான் கெடச்சானா? போ கண்ணு, நல்லா இறுக்கமாவே திரிச்சுக் குடு.”

சிப்புக்கு ஞாபகம் இருப்பதே பக்கத்தில் இருக்கும் சின்னப் பேட்டரியால்தான். அதை ஒரு நொடி கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், மெஷின் வெறும் பெட்டியாகிவிடும். கடை பிழைக்கும். கை தவறிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் கை தவறுகிறவன் என்று பெயர் வந்துவிடுமே. தன்னைப் பற்றி அவனுக்கே அந்தச் சந்தேகம் ஏற்கெனவே உண்டு. கழற்றாமல், மீட்டரை எடுத்துப் பேட்டரியை அளந்தான்.

முழு சார்ஜ் காட்டியது.

இந்த ரகப் பேட்டரிக்கு மெஷின் ஓடும்போதுதான் சார்ஜ் ஏறும், ஓடாமல் கிடந்தால் சில மாதத்தில் வற்றிவிடும் என்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மறுபடி அளந்தான். முள் அதே இடத்தில் நின்றது. ஒன்று மீட்டர் கெட்டிருக்க வேண்டும், அல்லது அன்றைய பாடத்தைத் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தான். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று பட்டது.

பாலகோபாலின் மனைவி அம்புஜம் காபி கொண்டு வந்தார். “தம்பி, அந்தச் செவப்புப் பட்டன் கொஞ்சம் ஒட்டுதுங்க. அதையும் ஒரு எட்டுப் பாத்துருங்க.”

தூசி துடைக்கும்போது கவனித்திருப்பார் என்று நினைத்து, அதையும் சரி செய்தான் கிருபாசங்கர். பேட்டரியோடு சிப்பை வகுப்புக்கு எடுத்துப்போய், கால்களைச் சுரண்டி, உள்ளே இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதைப் புதுச் சிப்பில் இறக்கி, புதுப் பேட்டரி வைத்துப் பொருத்தினான். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. பாலகோபால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மெஷின், பக்கத்தில் மைக்கோடு பாலகோபால். கடைசி வரிசையில் அழகிரிசாமி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“சும்மா நின்னா என்னங்க தெரியும்? நீங்களே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க தலைவரே” என்றார் செயலாளர் ராமாமணி, தீர்மானத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

“எனக்கு இதுல எது முன்ன, எது பின்னன்னே தெரியாதுங்க” என்ற பாலகோபால் தயங்கித் தயங்கிப் பிடியில் கை வைத்தார்.

மூன்றே உதையில் முதல் எதிரி விழுந்தான். “பாத்தீங்களா, இப்படித்தானுங்க பிஞ்சு மனசு கெட்டுப்போகுது” என்று அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். கைகள் திரும்பவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவனும் விழுந்தான்.

மூன்றாவதாகச் சங்கிலி சுழற்றிக்கொண்டு ஒரு ராட்சதன் வந்தான். பாலகோபால் பேச்சை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

மேடை ஓரத்தில் நின்ற கிருபாசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. மீட்டர் கெடவில்லை. பாடத்தையும் அவன் சரியாகத்தான் கவனித்திருந்தான்.

“அவங்கிட்டப் போறதுக்கே எம்பட கடைப் பசங்களுக்கு ஆறு மாசம் ஆகுமுங்க தலைவரே” என்றது கடைசி வரிசை.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ராமாமணி தீர்மானத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ராட்சதன் சங்கிலியை வீச, பாலகோபாலின் ஆள் கீழே உருண்டான். அவர் முன் வரிசையில் மனைவியைத் தேடினார். “அம்புஜம், நான் அப்படிப்பட்டவன் இல்லைன்னு நீயாச்சும் இவங்களுக்குச் சொல்லு.”

அம்புஜம் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறி வந்தார்.

“நவுருங்க. இவன் உங்க கைக்கு அடங்க மாட்டான்.”