நாற்காலிக்கு ஒரு சாட்சி

“ஒரு படி வழுக்கினதுக்கு இடுப்பெலும்பு முறியுமாலே? அவன் என்ன அப்பளமா?”

செந்தூர்வேல் கேட்டதும் டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எதிரே துறைமுக வாசலில் பர்னபாஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் மின்விசிறி. லாரிச் சீட்டை வாங்குவான், முத்திரை குத்துவான், திருப்பிக் கொடுப்பான். அவ்வளவுதான் வேலை. போகிறவன், வருகிறவன் எல்லாம் நின்று, “இடுப்பு இப்போ எப்படி?” என்று விசாரித்துவிட்டுப் போனான். ஒருவன் டீ வேறு கொண்டுபோய்க் கொடுத்தான்.

அந்த நாற்காலி செந்தூர்வேல் வாங்கியது. உடம்புக்கு முடியாத தொழிலாளிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும் என்று பதினொரு நாள் உண்ணாவிரதம் கிடந்து ஒப்பந்தத்தில் சேர்த்தவர் அவர். அன்று பிடித்த வயிற்றுப்புண் இன்னும் ஆறவில்லை. அதை விசாரிக்க ஒரு நாதியில்லை. ‘சங்கத் தலைவர் சொகுசு தேடிக்கிட்டார்’ என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று, மூட்டை தூக்கிக் கூனிய முதுகோடு ஒருநாள்கூட அவர் அதில் உட்கார்ந்ததில்லை.

இன்றைக்கு அதில் பர்னபாஸ் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான்.

“கப்பல்ல விழுந்தானா? கிரேன்ல இருந்து விழுந்தானா? மாதா கோவில் படியில வழுக்குனவனுக்குத் துறைமுகம் எதுக்குலே நாற்காலி போடணும்?”

“டாக்டர் சீட்டு வச்சிருக்காம்லா, அண்ணாச்சி” என்றான் கூட வேலை செய்கிற சுடலைக்கண்ணன்.

“நான் பாக்காத சீட்டா? என் முதுகுல மூட்டை சரிஞ்சு விழுந்துச்சு. மறுநாள் காலையில நான் கொடி பிடிச்சு நின்னேன்.”

ஒரு தொழிலாளி மேல் புகார் என்றால் நேரே அதிகாரியிடம் போகக் கூடாது. வாசல் கூட்டத்தில் ஆளை நிறுத்தி நேருக்கு நேர் கேட்ட பிறகுதான் மனு. அதுவும் செந்தூர்வேல் கொண்டுவந்த சட்டம்தான். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கூட்டத்தைக் கூட்டினார்.

பர்னபாஸ் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான்.

“ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. மவன் ஜெனோ கடல்ல மூழ்கிச் செத்ததுக்குப் பெறவு எனக்கு மனசு சரியில்ல. ஏழு வருசமா அதுக்கு மாத்திரை திங்கேன். ரொம்ப நாள் தின்னா சில பேருக்கு எலும்பு மெலியுமாம். ஸ்கேன்ல எனக்கு மெலிஞ்சிருக்குன்னு வந்திருக்கு. நானா மாத்திரையை நிறுத்தவும் கூடாதாம். நிறுத்துனா பழைய இருட்டு திரும்ப வந்துரும்னு டாக்டர் சொல்லுதாரு. மூட்டையோட இன்னொருக்க விழுந்தேம்னா எந்திரிக்க மாட்டேன். அதான் நாற்காலி கேட்டேன்.”

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதிதான் செந்தூர்வேலைச் சுட்டது. தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்கு இப்படி ஓர் அமைதி கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

“மனசுக்குத் திங்கிற மாத்திரை எலும்பைத் திங்குதாம்! நல்லாருக்குலே கதை.” தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி உயர்த்தினார். “ஒரே ஒரு ஆளைக் காட்டு. அந்த மாத்திரை தின்னு எலும்பு ஒடிஞ்ச இன்னொரு ஆளை இந்தத் தூத்துக்குடியில காட்டு. துண்டை உன் காலடியில போட்டுட்டுச் சங்கத்தை விட்டே போயிருதேன்.”

பர்னபாஸ் வாயைத் திறந்தான். செந்தூர்வேலின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். மூடிக்கொண்டான்.

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாது, அண்ணாச்சி.”

“கேட்டியளா எல்லாரும்!”

கைகள் உயர்ந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று. பர்னபாஸைப் பழையபடி மூட்டைக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுப்பதென்று முடிவானது. அவன் கம்பை ஊன்றி ஊன்றிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.

வீட்டுக்கு வந்த செந்தூர்வேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனு எழுத உட்கார்ந்தார். மனைவி பேச்சி இடது கையில் காப்பியோடு வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. போன வாரம் கட்டிலில் கையை ஊன்றி எழுந்தபோது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ‘கவனங்கெட்டவ’ என்று அவர் ஏசித் தீர்த்திருந்தார்.

கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். துண்டை உயர்த்திச் சவால் விட்ட இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பேச்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுவைக் கிழிச்சிருங்க.”

“அவனுக்கு நீ என்னளா பரிஞ்சு பேசுத?” அவருக்கு நெஞ்சுக்குள் புதிதாக ஒன்று குத்தியது. “என் வீட்டுக்குள்ளயும் அவன் பேருதானா?”

“நாலு வருசமா, மாசம் ஒரு செவ்வாக்கிழமை கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். மனசு டாக்டர்கிட்ட. நீங்க ஊருக்கெல்லாம் பேசுதிய. என்கிட்ட பேசத்தான் ஆளில்ல. அங்கன வரிசையில அவரும் உக்காந்திருப்பாரு. எனக்கும் அவருக்கும் ஒரே மாத்திரைதான். கை ஒடிஞ்ச அன்னைக்கு, எலும்பை ஸ்கேன் எடுத்துப் பாருங்கன்னு சொன்னதே அவருதான். எடுத்தா, எனக்கும் மெலிஞ்சிருக்கு. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவமானம்பாரு, யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னு அவரு கும்பிடுத மாதா மேல சத்தியம் வாங்குனேன்.”

செந்தூர்வேலின் பேனா நின்றது.

“ஒரே ஒரு ஆளைக் காட்டுன்னு கேட்டியள்லா?” பேச்சி அவர் முகத்தையே பார்த்தாள். “அவரு காட்டியிருந்தா, மொத்தக் கூட்டமும் நம்ம வீட்டு வாசல்லல்லா வந்து நின்னிருக்கும்!”