வாரில் ஒரு புது ஓட்டை

"மறுபடியும் இதே பையா?" என்றாள் கவின்யா.

நெகேசா அந்தப் பழுப்பு நிறத் தோல் பையைப் பலகை மேல் வைத்தாள். ராத்திரி வேலை முடித்துத் தூங்காமலே வந்திருப்பாள் போல. கண் இரண்டும் சொக்கிக் கிடந்தன.

கவின்யாவுக்கும் அலுப்புதான். கிகோம்பா சந்தையில் விடிந்ததும் பழைய பை மூட்டைகளைப் பிரிப்பார்கள். குனிந்து குனிந்து நல்லதைப் பொறுக்கி எடுத்து, பூஞ்சை துடைத்து, மெழுகு தேய்த்து, தொங்கவிட்டு விற்க வேண்டும். சாயங்காலம் முதுகு இரண்டாகப் பிளந்துவிடும். மகள் மும்புவா தைலம் தேய்த்துவிட்டாலும் ராத்திரி முழுக்க முனகல்தான்.

நெகேசாவின் பையும் அப்படி ஒரு மூட்டையில் வந்ததுதான். எந்த நாட்டுச் சீமாட்டி எத்தனை வருஷம் தூக்கினாளோ. உள்துணியை வினிகர் தண்ணீரில் துடைத்து, கரித்துண்டு போட்டு மூடிவைத்து நாற்றத்தை எடுத்தது கவின்யாதான். நெகேசா கெஞ்சிக் கூத்தாடி விலையைக் குறைத்து வாங்கிப் போனாள்.

அதோடு விட்டாளா? மாதம் தவறாமல் சுத்தம் பண்ணக் கொண்டுவந்துவிடுகிறாள். ஒரு தடவை பேனா மை. ஒரு தடவை உதட்டுச் சாயம். ஒரு தடவை உள்ளே யாரோ எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பலகாரத்தை வைத்து, எண்ணெய் தோல் வரைக்கும் ஊறியிருந்தது.

அதைக்கூட கவின்யா பொறுத்துக்கொண்டாள். அவளை உறுத்தியது வேறு. வாரில் கொக்கி அழுந்திய தடம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஓட்டையில் இருந்தது. ஒரே ஆள் மாதத்துக்கு மாதம் வளர்ந்து குறைவாளா என்ன? பக்கத்துக் கடை பெல்ட்காரன் பார்த்த உடனே சொல்லிவிட்டான், வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறாள் என்று. கல்யாணம், தேவாலயம் என்று ஒரு நாள் மினுக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கா ஊரில் பஞ்சம்?

இன்றைக்கு வாரைப் பிடித்துப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஓட்டைக்கும் மேலே, ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று. சுற்றிலும் தோல் பிய்ந்திருந்தது.

"எந்தக் குள்ளச்சிக்குடி குடுத்த? இது தோலா, தகரமா, ஆணியால குத்தி வச்சிருக்க?"

"வார் நீளமா இருந்துச்சுக்கா. முழங்கால் வரைக்கும் தொங்குச்சு."

கவின்யாவுக்குத் தன் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. போன வாரம் மும்புவா இதே பலகை முன்னால் நின்றாள். ஓட்டலில் வரவேற்பு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு நாளைக்கு ஒரு பை கொடு என்று கேட்டாள். விற்பனைக்கு வைத்ததை வீட்டு ஆள் தொடக் கூடாது, உனக்கென்று எடுத்துக் கொடுத்தால் நாளைக்கு அத்தை மகள், சித்தி மகள் எல்லாம் வந்து நிற்பார்கள் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் கவின்யா. பெண் வெறுங்கையோடு போனாள்.

பெற்ற பெண்ணுக்கே கிடைக்காத தயவு இந்த வாடகைக்காரிக்கு எதற்கு? வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு கேட்டாள். நெகேசா கேட்ட காசை அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

எப்போதும் அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள்! கவின்யாவுக்குச் சந்தேகம் உறுதியானது.

"வாடகை நல்லா வருது போல."

"வாடகையா?" நெகேசா சிரித்தாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.

அவள் நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கிறாள். காலையில் வேலை முடிந்து கிளம்பும்போது பார்த்தால், வேலை கேட்டு வரும் பெண்கள் காக்கி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்களாம். வாசலிலேயே காவல்காரர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்ப்பார்களாம். பார்க்கப் பொறுக்காமல்தான் இந்தப் பையை வாங்கினாளாம். அவள் குடியிருக்கும் பக்கத்தில் யாருக்கு நேர்காணல் வந்தாலும், வெளியாள் கேள்விப்பட்டு வந்து கேட்டாலும், பை அவர்களோடு போகும். காசு வாங்குவதில்லை. சுத்தம் பண்ணுகிற கூலியும் அவள் கைக்காசு.

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் பேரம் பேசல?" கவின்யாவால் இன்னும் நம்ப முடியவில்லை.

"கடைசியா எடுத்துட்டுப் போன பொண்ணு பேசக் கூடாதுன்னு சொல்லிருச்சுக்கா. காலையில பையைத் திருப்பிக் குடுக்க வந்துச்சு. வந்த எடத்துலயே போன் வந்துச்சு, ஓட்டல்ல வேலை கெடச்சிருச்சுன்னு. அழுதுருச்சு பாவம். பையை எங்க குடுத்து சுத்தம் பண்றீங்கன்னு கேட்டுச்சு, உங்க கடையைச் சொன்னேன்."

கவின்யா துடைக்க எடுத்த பிரஷ்ஷைத் திரும்பப் பலகையில் வைத்தாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று மகளிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கண்ணைத் துடைச்சுக்கிச்சு. அப்புறம், 'அவங்ககிட்ட பேரம் மட்டும் பேசாதீங்க, ராத்திரியெல்லாம் முதுகு வலியில தூங்கறதே இல்ல'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

நெகேசா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏங்க்கா, உங்க முதுகு வலி அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"