கண்டன் சொன்னதும் நவுலி சொன்னதும்

மலைத்தலைவர் பாயில் அமர்ந்ததும் கண்டன் பேச ஆரம்பித்தான்.

இருவருக்கும் நடுவே நவுலி மண்டியிட்டிருந்தாள். கீழே கடலோரத்து வாரோசுத் துறையிலிருந்து வந்தவர்களில் தமிழும் மலைப்பேச்சும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கண்டனின் அண்ணன் கூத்தன், நாகப்பட்டினத்து வணிகன், காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அவன் சேர்த்த கற்பூரம் முழுவதும் தலைவரின் களஞ்சியத்தில் இருந்தது.

"எங்கண்ணனுக்கு இங்க ஒரு பெண்டாட்டி உண்டு. அண்ணன் போனா அவன் சரக்கும் தம்பிக்கு, அவன் பொம்பளையும் தம்பிக்கு. இவங்க மலை வழக்கம்தானே அது? ரெண்டையும் ஏத்திட்டுப் போக வந்திருக்கேன். சொல்லு."

நவுலி முதுகுத் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

கடாரத்தில் ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காற்று மாறியதும் அவளை அடிமையாக விற்றவன் கண்டன். போன வருஷம் ஒரு விருந்தில் அதை அவனே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கூத்தனும் சிரித்தான். நவுலி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏ, வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் தலைவரிடம் திரும்பினாள்.

"செத்தவருக்கு இங்க பெண்டாட்டி இல்லையாம் ஐயா. உறவுன்னு ஒருத்தரும் இல்லையாம்."

தலைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

"நம்மகிட்ட பொண்ணு கட்டாதவன் நமக்கு அந்நியன். அந்நியன் செத்தா சரக்கு மலைக்கு. இவன் வெறுங்கையோட கப்பலேறட்டும்."

அந்தக் கற்பூரத்துக்காகக் கூத்தனோடு காடு காடாக, அட்டைக்கடியில் அலைந்தவள் நவுலி. தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்றாரு?" என்றான் கண்டன்.

"யோசிக்கிறார்."

அவள் முதுகில் துணியில் கட்டியிருந்த குழந்தை விழித்துச் சிணுங்கியது. மலையில் யாருக்கும் இல்லாத சுருட்டை முடி. தலைவர் விரலை நீட்டினார்.

"இது யார் பிள்ளை?"

பேச்சு புரியாவிட்டாலும் கண்டனுக்கு அந்த விரல் புரிந்தது. முகம் மலர்ந்தான்.

"எங்கண்ணன் மகதான்னு சொல்லு."

நவுலி குழந்தையை முன்னால் இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அப்பன் யாருன்னு தெரியாத பிள்ளை, ஐயா."

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சிலைத் துப்பினார்.

கண்டன் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.