சின்ன விரலுக்கு ஏற்ற குழல்

"பொண்ணுக்கு எட்டு வயசு. இப்பதான் கத்துக்கப் போறா. நல்ல புல்லாங்குழலா ஒண்ணு குடுங்க" என்றார் அந்த அம்மா.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். துளைகள் நெருக்கமாக இருந்த குட்டைக் குழலை எடுத்து ஊதிக் காட்டினார்.

"சின்ன விரலுக்கு இதாம்மா சரி. லேசா ஊதினாலே நாலு வீட்டுக்குக் கேக்கும்!"

"அப்போ வீட்டுக்கே அனுப்பிடுங்க." அந்த அம்மா ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார்.

அதைப் படித்ததும் கடைக்காரரின் முகம் மாறியது. குழலை நைசாக உறைக்குள் தள்ளினார்.

"யோசிச்சுப் பார்த்தா இது வேணாம்மா. எட்டு வயசுக்கு மூச்சு பத்தாது, தலை சுத்தும்."

"பெரிய குழல்?"

"விரலே எட்டாது. நாலஞ்சு வருஷம் போகட்டுமே."

அந்த அம்மா நெகிழ்ந்துபோனார். "வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கிட்டு உண்மையைச் சொல்றீங்களே! சரி, அதோ மூலையில இருக்கே டிரம் செட்டு, அதுக்கு மூச்சும் வேணாம், விரலும் எட்ட வேணாம். அதையே அனுப்பிடுங்க."

கடைக்காரர் அந்தச் சீட்டை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பழைய வீட்டில் சத்தம் தாங்காமல் ஓடிவந்து, அதே முகவரியின் மாடியில் அவர் குடியேறி முழுசாக மூன்று நாள்கூட ஆகவில்லை.