உரக்கப் படிங்கம்மா!

“அட்டை எங்கண்ணே?”

“என்கிட்டயே கேக்குறியா? உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டி நான்!”

“வளர்த்ததுக்கு நன்றிண்ணே. வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துட்டு வந்து ஓட்டுப் போடுங்க.”

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினார். கூடப் பிறந்தவனுக்கே இந்த கதி என்றால் நமக்கென்ன என்று வரிசை முணுமுணுத்தது. இந்த டீச்சருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவர் கணக்கு டீச்சர். வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கடைசி நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து பிடித்து வந்து வாக்குச்சாவடியில் முதல் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். அட்டையைப் பார்க்க வேண்டும், பட்டியலில் பெயரைத் தேட வேண்டும், அதை உரக்கப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த மேஜையில் விரலுக்கு மை.

டீச்சருக்குப் பள்ளிக்கூட மணி போன்ற குரல். அவர் படித்த பெயர்கள் காலையிலிருந்து தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தன.

மதியத்துக்கு மேல் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக ஒருவர் வந்தார். கையில் துண்டுச்சீட்டு மட்டும்தான். பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பது போல் கடகடவென்று சொன்னார்.

டீச்சரின் விரல் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. மணி அடிக்கவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்தார்.

“அட்டை?” என்றார் மெதுவாக.

“பீரோவுல இருக்குங்க. எம் பொண்டாட்டி பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

வரிசையில் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை.

“ஏன், சண்டையா?”

“அவகூடச் சண்டை வேற போட முடியுமா? வாயைத் தொறந்தா மூட மாட்டா. ராட்சசிங்க, ராட்சசி!”

வரிசையில் நின்ற ஆண்களில் பாதிப்பேர் ‘உச்’ கொட்டினார்கள். சொந்த அனுபவமாக இருக்கலாம். “பாவம் டீச்சர், விட்டுடுங்க” என்று சிபாரிசும் வந்தது.

சத்தம் கேட்டுத் தலைமை அதிகாரி ஓடி வந்தார். சண்டை சச்சரவில்லாமல் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. “இவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார்.

காலையில்தான் வேனில் வந்து இறங்கிய கட்சி ஏஜென்ட் துள்ளி எழுந்தார். இன்னொரு கட்சி ஏஜென்ட் டீ குடிக்கப் போயிருந்தார்.

“எனக்குத் தெரியும் சார்! பால்ய சிநேகிதன். இவன் கல்யாணத்துல சாப்பாடு பரிமாறினதே நான்தான்.”

“அப்படியா? பொண்ணைப் பார்த்தீங்களா?” என்றார் டீச்சர்.

“பார்க்காம இருப்பேனா? இவன் அழகுக்கு அது கொஞ்சமும் பொருத்தமில்லன்னு அன்னிக்கே சொன்னேனே!”

டீச்சரின் முகம் சிவந்தது. விதியை வளைத்தால் கணக்கு டீச்சருக்குக் கோபம் வராதா என்ன?

“சார், கூரியர்ல ஒரு ஜோடி செருப்பு வந்தாலே அட்டையைக் காட்டுன்னு கேக்குறான். ஆட்சியையே தூக்கிக் கொடுக்குற எடத்துல நாம கேக்கக் கூடாதா?”

“அதான் பட்டியல்ல பேரு இருக்கேம்மா!”

“அந்தப் பட்டியலைத் தூசி தட்டியே பல வருஷமாச்சு சார்.”

டீச்சர் சொன்னதில் தப்பில்லை. பல தெருக்களுக்கு ஒரே சாவடி, ஒரு தெருக்காரரை இன்னொரு தெருக்காரர் முகம் பார்த்ததுகூட இல்லை. போதாக்குறைக்கு, போன தடவை இந்த வார்டில் இரண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்து, குலுக்கல் போட்டுத்தான் ஜெயித்தவரைக் கண்டுபிடித்தார்கள். இங்கே ஒரு ஓட்டு போனால் வார்டே போச்சு.

ஆனால் வெயிலில் நிற்பவர்களுக்கு நியாயம் எதற்கு? “ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்? நகருங்கம்மா!” என்று கூச்சல் கிளம்பியது. தலைமை அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நான் பொறுப்பு ஏத்துக்கிறேன். பேரைப் படிங்க, மை வைக்கட்டும்.”

அடுத்த மேஜையில் மைப்புட்டி திறந்தது. கஞ்சிச் சட்டைக்காரர் அதற்குள் விரலை நீட்டிவிட்டார்.

டீச்சர் பட்டியலை மூடினார். கண் கலங்கியிருந்தது.

“நான் படிக்க மாட்டேன்.”

“காலையிலேர்ந்து ஊருக்கே கேக்குற மாதிரி படிச்சீங்களேம்மா! இந்த ஒரு பேருக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“அதானே! சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா? உரக்கப் படிங்கம்மா!” என்றார் கஞ்சிச் சட்டைக்காரர்.

டீச்சர் எழுந்தார். அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலைமை அதிகாரி பக்கம் திரும்பினார். இப்போது மணிக்குரல் தெருமுனை வரை கேட்டது.

“செத்துப்போன எம் புருஷன் பேரை நான் எப்படி சார் சொல்றது?”