செவ்வாய்க்கிழமை மீன்

வாணலியில் மீன் பொரிந்தது. பக்கத்து அடுப்பில் வெங்காயம் வதங்கியது. கோடைப் புழுக்கத்திலும் ஆர்லீன் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. வீடு வாங்க ஆள் வரும் நேரம்.

மிச்சிகன் ஏரிக்கரை வீடு என்றால் சும்மாவா! ஆனால் பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பாசி ஒதுங்கி, சாக்கடை உடைத்துக்கொண்ட மாதிரி நாறியது. பல வருடம் தொலைந்திருந்த சனியன், ஏரியில் சிப்பி பெருகித் தண்ணீர் தெளிந்து வெயில் அடிவரை இறங்கியதும் திரும்பி வந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அரிசோனாவில் மகள் அறையை ஒழித்து வைத்துக் காத்திருக்கிறாள். இந்த வீடோ ஆர்லீனின் காலைக் கட்டிப் போட்டிருந்தது.

நல்லவேளை, இன்று காற்று வீட்டிலிருந்து ஏரியை நோக்கி வீசியது.

காரிலிருந்து இறங்கி நேரே வந்தார்கள் ராண்டியும் மனைவி ஜோலீனும். யாரும் சொல்லாமலே, வாசற்படியோரம் பாசி வழிக்கப் பதித்திருந்த இரும்புப் பட்டையில் செருப்படியை வழித்துவிட்டு, வெளியிலேயே கழற்றிக் கவிழ்த்து வைத்தார்கள். சுத்தம் தெரிந்த பிள்ளைகள் என்று ஆர்லீனுக்குச் சந்தோஷம்.

"வாங்க, வாங்க! மீன் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே?" ஜோலீன் சிரித்தாள். "ஊரே மீன் பொரிக்கிற வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்!"

"நாக்கு கேக்க மாட்டேங்குதேம்மா" என்று சமாளித்தாள் ஆர்லீன்.

ராண்டி கூடத்தில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான். பிறகு ஏரிப்பக்க ஜன்னலில் கை வைத்தான்.

"ஐயோ, வேணாம்ப்பா! கொக்கி கழண்டு வந்துடும்!"

அவன் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டான். ஆர்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருவரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். மாவில் பீர் விட்டீர்களா, வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்கினீர்கள் என்று ஜோலீன் துருவித் துருவிக் கேட்டாள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. கடவுளே, இவர்களையாவது விட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டாள் ஆர்லீன்.

"அப்போ... வீடு பிடிச்சிருக்கா?" தட்டுகளை எடுத்தபடியே கேட்டாள் ஆர்லீன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராண்டி தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்த ஊர்ல, இதே கரையில எங்க வீடும் விக்காம கிடக்கு. நாத்தத்தை மத்தவங்க எப்படி மறைக்கறாங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."