ராஜாப்பெட்டிக்கு வந்த திருடன்

"அவன்தான். நேத்தும் வந்தான்" என்றார் டீக்கடை அழகுத்தாய், பாய்லருக்குப் பின்னால் நின்றபடியே. "மொதலாளி எப்பச் சாப்பிடப் போவாருன்னு எங்கிட்டயே கேக்கான். மாட்டுன ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல."

கௌதம்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்தபடி எதிரே இருந்த தன் கடையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. அவர் கடைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசலில் ஹெல்மெட் ஆள் இடமும் வலமும் பார்த்துக்கொண்டு நின்றான். அக்குளில் ஒரு மஞ்சள் பை. 'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது' என்று கௌதம்ராஜ் தன் கையாலேயே சிவப்பில் எழுதி மாட்டிய பலகையை அவன் நின்று படித்தான்.

"போலீசுக்குச் சொல்லிருவோம்ணே" என்றான் பக்கத்தில் இருந்த யாசின்.

"செத்த நேரம் பொறுப்பா."

யாசின் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கேம் எழுதி விற்பது அவன் தொழில். கௌதம்ராஜின் தொழில், டிவியில் மாட்டி விளையாடும் 'ராஜாப்பெட்டி' என்ற கேம் கன்சோலைத் தயாரிப்பது. அவரே செய்த பெட்டி, அவரே எழுதிய கேம், அவரே வைத்த பெயர். எது சரியில்லை என்றாலும் திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது. வெளியாள் எழுதிய கேம் எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்று பெட்டிக்குள் ஒரு ரகசியப் பூட்டு வேறு போட்டிருந்தார்.

அதைப் பற்றிப் பேசத்தான் யாசின் பஸ் ஏறி வந்திருந்தான்.

"அந்தப் பூட்டத் தொறந்து விடுங்கண்ணே. எங்கள மாதிரி நாலு பேரு கேம் எழுதிப் போட்டாத்தான் வாங்குறதுக்கு ஆள் வரும். இப்ப உள்ள இருக்கது உங்க சஞ்சீவி மலையேத்தம் ஒண்ணுதான."

"அதுல என்ன கொற கண்ட?"

"இதுவரைக்கும் யாராச்சும் உச்சிக்குப் போயிருக்காகளா?"

கௌதம்ராஜ் யோசித்தார். "நானே போனதில்லப்பா" என்றார்.

மொத்தத்தில் விற்றது ஒரே ஒரு பெட்டி. வாங்கியவர் சேத்தூர் காளிராஜ். கண்ணாடி அலமாரியில் அந்தப் பெட்டி இருந்த இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் காலியாகவே விட்டிருந்தார் கௌதம்ராஜ். விற்பனை நடந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா? இருக்கிற ஒரு வாடிக்கையாளரையாவது உள்ளங்கையில் வைத்துத் தாங்க வேண்டும் என்று, காலையும் மாலையும் காளிராஜுக்குப் போன் போட்டு, மலையில் எதுவரை ஏறியாயிற்று என்று விசாரிப்பார்.

இந்த மாதமும் வியாபாரம் இல்லையென்றால் கடையைக் காலி செய்துவிட்டு, சத்திரப்பட்டியில் மாமனாரின் பேண்டேஜ் துணி ஆலையில் போய் உட்கார வேண்டும் என்று மனைவி வெங்கடேஸ்வரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாமனார் அவருக்கென்று நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கௌதம்ராஜ் சத்திரப்பட்டிப் பக்கமே போவதில்லை.

ஹெல்மெட் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

யாசின் துள்ளி எழுந்தான். கௌதம்ராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கண்ணே. திருடுதான்."

"திருடட்டும்."

யாசின் அவரை உற்றுப் பார்த்தான்.

"நான்தாம்ப்பா தெனமும் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவத் தொறந்து போட்டுட்டு இங்க வந்து உக்காருதேன். துட்டு குடுத்து வாங்கத்தான் நாதியில்ல, திருடவாச்சும் ஒருத்தன் வருதானான்னு பாத்தேன். திருட்டுப் போச்சுன்னா பேப்பர்ல போடுவான். திருடுற அளவுக்கு அதுல என்னதான் இருக்குன்னு ஊரு கேக்கும்."

"நான் தொறக்கச் சொன்னது கடைப் பூட்ட இல்லண்ணே" என்றான் யாசின்.

சற்று நேரத்தில் ஆள் வெளியே வந்தான். கதவைப் பதமாகச் சாத்தினான். பெரிய பாரம் இறங்கியவன்போல மூச்சு விட்டான். பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தென்காசி ரோட்டில் பறந்தான்.

"பை காத்துல ஆடுதேண்ணே" என்றான் யாசின் சந்தேகமாக.

"ராஜாப்பெட்டின்னா சும்மாவா? எடையே தெரியாது. அதுக்குத்தான மூடிய அத்தன தடவ மாத்துனேன்."

கௌதம்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெட்டிக்காக ஒருவன் ஜெயிலுக்குப் போகவும் துணிந்திருக்கிறான். அழகுத்தாயிடம் ஆளுக்கு ரெண்டு வடை சொன்னார்.

"பாத்துக்கிட்டியா யாசின்? களவாடுற அளவுக்கு மவுசு வந்தாச்சு. இனிமே உன் கேம் உள்ள வரணும்னா நீதான் எனக்குத் துட்டு கட்டணும்."

"அப்ப நான் துட்டு குடுத்து கேம் வாங்குற மதுரைக் கம்பெனிக்கே போறேண்ணே" என்று வடையைத் தொடாமல் எழுந்தான் யாசின்.

"தாராளமாப் போ."

இந்தச் சந்தோஷத்தை முதலில் யாரிடம் சொல்வது? தன் ஒரே வாடிக்கையாளரிடம்தான். காளிராஜுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்காரே. வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு போல" என்றபடி ரோட்டைக் கடந்தார்.

மதுரைக்குப் போவதாகச் சொன்ன யாசினும், என்ன போயிற்று என்று பார்க்கும் ஆசையில் பின்னாலேயே வந்தான்.

கௌதம்ராஜ் கண்ணாடி அலமாரியை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு வலமிருந்து இடமாகப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை.

அவர் அத்தனை பெருமையாகக் காலியாக விட்டிருந்த இடத்தில், வயரெல்லாம் ஒழுங்காகச் சுற்றி, காளிராஜ் வாங்கிப் போன பெட்டி உட்கார்ந்திருந்தது.